பக்கத்து சீட்டில் லைசன்ஸ்

எங்கள் செம்மநத்தம் பக்கம் பிள்ளைகளுக்குக் கால் பிரேக்கை எட்டினால் போதும், ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். அதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா.

என் மகள் கீர்த்திகாவுக்குப் பதினேழு வயது. என்னைவிட நன்றாக ஓட்டுவாள். எனக்குக் கண்ணில் புரை விழுந்ததால் லைசன்ஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன். வீட்டில் லைசன்ஸ் இருந்தது தம்பி சின்னராஜுக்கு மட்டும்தான். அவனோ எஸ்டேட் வேலைக்குப் போகிறவன். மிளகையும் காப்பியையும் ஏற்காட்டு பஜாருக்கு யார் கொண்டுபோவது? அதனால்தான் இன்சூரன்ஸ் ஏஜென்ட் சந்திரசேகரிடம் போய், ஜீப் பாலிசியில் பிள்ளை பேரையும் சேர்த்துவிடச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "ஏனுங்க பொன்னுவேலு, இதென்ன ரேஷன் கார்டுங்களா, பேரு சேக்கறதுக்கு? இன்சூரன்ஸ் வண்டிக்குங்க. ஓட்டறவங்ககிட்ட லைசன்ஸ் இருக்கோணும். புள்ளைக்குப் பதினெட்டு ஆவட்டும்."

அதுவரை மிளகு கொடியிலேயே தொங்குமா? லைசன்ஸ் உள்ளவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மலையில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். தம்பிக்கு லீவு கிடைக்கும் நாளில் அவனை முன்சீட்டில் உட்காரவைப்பேன், அவள் ஓட்டுவாள், நான் பின்னால் மூட்டைகளோடு.

அன்றும் அப்படித்தான் சந்தை முடிந்து திரும்பினோம். பனி இறங்கியிருந்தது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் சென்னம்மாள் வேலை முடிந்து நடந்து வந்தவள், வளைவில் திடீரென்று முன்னால் தெரிந்தாள். கீர்த்திகா ஸ்டியரிங்கை ஒடித்தாள். ஜீப் அந்த அம்மாளையும் இழுத்துக்கொண்டு காப்பிக் காட்டுக்குள் சரிந்தது. சென்னம்மாள் அங்கேயே செத்துப்போய்விட்டாள். பாவம், அவளுக்கு நான் ஒரு கெடுதலும் நினைத்தவனில்லை.

பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு அதுவும் இல்லை. தம்பிக்குத் தொடை கிழிந்து ரத்தம் கொட்டியது. கீர்த்திகா தன் துப்பட்டாவை எடுத்து இறுக்கிக் கட்டினாள், ரத்தம் மட்டுப்பட்டது.

"அழுவாத கண்ணு, சித்தப்பனுக்கு ஒண்ணுமில்ல" என்று அவன்தான் அவளுக்குத் தைரியம் சொன்னான்.

யாரிடமும் வாயைத் திறக்காதே என்று சொல்லி, அவளைக் குறுக்குப் பாதையில் வீட்டுக்கு அனுப்பினேன். பிறகு யோசித்தேன். பதினெட்டு ஆகாத பிள்ளை ஓட்டியது தெரிந்தால் இன்சூரன்ஸ்காரன் கைவிரித்துவிடுவான். நஷ்டஈட்டுக்கு என் காடு போகும், கேஸில் நான் உள்ளே போவேன், பிள்ளையின் நர்சிங் படிப்பு போகும். மனது அனலில் விழுந்த புழுவாகத் துடித்தது.

"நீதான் ஓட்டுனேன்னு சொல்லிரு, சாமி" என்று தம்பியிடம் கேட்டேன்.

"சொல்லிடறனுங்கண்ணா. இதைக் கேக்கோணுமா? மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. நொம்பக் குளுருது."

அவனை மெல்ல நகர்த்தி டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். வலி தாங்காமல் முனகினான். மேலே ரோட்டில் எஸ்டேட் வண்டி ஒன்று வளைவுக்கு ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. தம்பி குரல் கொடுக்கப் பார்த்தான். வாயைப் பொத்தினேன். வண்டி போய்விட்டது.

அவன்தான் ஒத்துக்கொண்டானே, பிறகு ஏன் வாயைப் பொத்தினாய் என்று கேட்கிறீர்கள். சாவு விழுந்த வழக்கு எங்கள் ஊரில் போலீஸோடு முடியாது, ஐயா. எங்கள் மலைச்சாமி சேர்வராயன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்வார்கள். உங்களிடம் அவன் ஆயிரம் பொய் சொல்வான். சாமியிடம் அவன் நாக்குப் புரளாது. செத்தவனை யாரும் சத்தியத்துக்குக் கூப்பிடுவதில்லை.

பெண்பிள்ளையின் துணி அங்கே கிடந்தால் வீண் கேள்வி வரும் என்று துப்பட்டாவை அவிழ்த்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நானும் விடவில்லை, கூடப்பிறந்தவன் ஆயிற்றே. அவன் அடங்கியபிறகுதான் ஊரைக் கூப்பிட்டேன்.

இப்போது கீர்த்திகா உங்களிடம் வந்து, வண்டி ஓட்டியது தான்தான் என்றும், தான் கிளம்பும்போது சித்தப்பா பேசிக்கொண்டிருந்தார் என்றும் சொல்லிவிட்டாள். சின்னப் பிள்ளை, பயந்துவிட்டது. வெளியேதான் உட்கார்ந்திருக்கிறாளாம், என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாளாம். நீங்கள் போய்க் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள், ஐயா. அவளுக்காகத்தான் அப்பா சித்தப்பாவைக் கொன்றார் என்று தெரிந்தால் அவள் மனது ஆறிவிடும்.