அட்டைச் சாவியும் அசல் சாவியும்

‘சுருக்கமாகப் பேசுங்கள்’ என்று காதில் சொல்லிவிட்டு, நான் சுருக்கமாகப் பேசமாட்டேன் என்று தெரிந்தே மைக்கைத் தந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! கார் விற்றே தலை நரைத்த, ஆனால் குரல் நரைக்காத பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் பெருமையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! டார்கெட் என்ற ஒற்றைச் சொல்லால் தூக்கம் தொலைத்த தோழர்களே! அழைக்காமலே வந்து, முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கும் எங்கள் ஷோரூம் மேலாளர் அவர்களே! உங்களுக்கும் வணக்கம். வணக்கத்தில் நான் வஞ்சனை செய்வதில்லை.

வாழ்த்த வரவில்லை நான், வழக்காட வந்திருக்கிறேன். நம் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்த ஒரு தங்கையை, “நாளைலேர்ந்து வர வேணாம்” என்று ஒரே வரியில் வெளியே அனுப்பிவிட்டார்கள். அவள் செய்த குற்றம் என்ன? வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதினாளா? கல்லாவில் கை வைத்தாளா? சாவிக்குச் சொந்தக்காரியிடம் சாவியைக் கொடுத்தாள். அது குற்றமாம்!

நடந்ததைச் சொல்கிறேன். உதிரிபாகக் கவுண்டரில் நிற்பவள் நான். விற்பனைக் கூடத்துக்கும் எனக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவுதான். அதுவும் சரியாக மூடாது. அன்று ஒரு பெண் வந்தாள். இன்னும் இருபதைத் தொடாதவள், லைசென்ஸ் வாங்கிய மை காயாதவள். அம்மாவின் பழைய காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள்.

“இத எக்ஸ்சேஞ்சுல போட்டா எவ்வளவு வரும்னு சும்மா கேக்கத்தான் வந்தேன். அம்மா ஆஸ்பத்திரில டயாலிசிஸ்ல இருக்காங்க. முடிஞ்சதும் கூட்டிட்டு வரணும். சீக்கிரம் சொல்லுங்க.”

சும்மா கேட்க வந்தவர்களைச் சும்மா விடுவது நம் வழக்கமா? “சாவியக் குடும்மா, மதிப்பு போட்டுட்டு வந்துடறோம்” என்று மேலாளர் வாங்கினார். வாங்கிய சாவி எங்கே போகும்? சொல்லுங்கள்! ஆமாம், பின்வரிசை அண்ணன் சரியாகச் சொல்கிறார்: மேஜை இழுப்பறைக்குள் போகும்! சாவி உள்ளே இருக்கும்வரை ஆள் வெளியே போக முடியாது. இதற்கு நம் தொழிலில் ‘உட்கார வைப்பது’ என்று பெயர். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் சிறை வைப்பது!

காபி வந்தது. ஒரு விற்பனையாளர் எழுந்தார், இன்னொருவர் அமர்ந்தார். “இந்த விலை இன்னிக்கு மட்டும்தாம்மா” என்றார்கள். “புது வண்டின்னா அம்மா குலுங்காமப் போவாங்கல்ல?” என்றார்கள். நோயாளித் தாயைக் காட்டி வியாபாரம் செய்கிற அந்த நாக்கை என்னவென்று சொல்வது? சாவியைக் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: “மதிப்பு போடறவர் சாப்பிடப் போயிருக்கார்மா.”

அவள் போன் அடித்தது. அம்மாதான். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, மேலாளர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “வாசல்ல நிக்கிறேன்டி. தல சுத்துது. எங்க இருக்க?”

“கேட்டுச்சா? எங்கம்மா தெருவுல நிக்கிறாங்கய்யா! குடுய்யா சாவிய!” என்று மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். காபி மேலாளரின் சட்டையில்! அடக்கமான பெண் என்று நான் சொல்லமாட்டேன். தொட்டால் வெடிக்கிறவள்தான்.

மேலாளர் என்ன செய்தார்? சின்னப் பெண், நாலு பேர் கைதட்டினால் வெட்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டார். வண்டி விற்றால் மட்டும் அடிக்கிற விற்பனை மணியை அடித்தார்! கூடமே கைதட்டியது. புது வண்டி வாங்குகிறவர் போட்டோவுக்குப் பிடித்து நிற்பாரே, ஆள் உயர அட்டைச் சாவி, அதைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் கையில் திணித்தார்கள். “சிரிம்மா, ஒரு போட்டோ!”

சிரிக்காதீர்கள், தோழர்களே! கையில் அட்டைச் சாவி, இழுப்பறையில் அசல் சாவி, தெருவில் தாய்! இதற்கா சிரிப்பு?

அந்த அட்டையை இரண்டாகக் கிழித்தாள் அவள். காட்சிக்கு நின்ற காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டு, ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. கண்ணாடி அதிர்ந்தது, காது கிழிந்தது, வந்த வாடிக்கையாளர்கள் வெளியே ஓடினார்கள். “போலீஸக் கூப்பிடுங்கடா!” என்று குதித்தார் மேலாளர். அப்போதுதான் நம் தங்கை நடந்து போய், அவர் கண்ணெதிரே இழுப்பறையைத் திறந்து, சாவியை எடுத்து, கார்க் கண்ணாடியைத் தட்டினாள். “இந்தாம்மா. அம்மாகிட்ட போ.” ஹாரன் நின்றது. அதுவரை கத்தியவள் அப்போதுதான் அழுதாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது தாய் மருத்துவமனை வாசலில் மயங்கிக் கிடந்தார். காவலாளி தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தார். இல்லாவிட்டால்? இழுப்பறைக்காரர் பதில் சொல்வாரா?

‘பெண்பிள்ளைக்கு இவ்வளவு கோபம் ஆகாது’ என்கிறார்கள் சிலர். ஏன் ஆகாது? ஒளித்தவன் யோக்கியன், கேட்டவள் ரவுடியா? பூட்டியவருக்குப் பதவி, திறந்தவளுக்குப் பணிநீக்கமா? அந்தப் பெண்ணின் கோபத்தில் கால்வாசி நமக்கு இருந்திருந்தால், இந்தக் கேவலம் என்றோ ஒழிந்திருக்கும்!

என்ன சார், எழுந்துவிட்டீர்கள்? தாராளமாகப் போங்கள். உங்கள் சாவியை இங்கே யாரும் பிடுங்கி வைக்கவில்லை.

தோழர்களே, நாளைக் காலை நம் தங்கை சீருடையோடு ஷோரூம் வாசலில் நிற்பாள். அவளை உள்ளே விட்டால் எல்லோரும் உள்ளே போவோம். விடாவிட்டால் ஒருவரும் போகமாட்டோம். சம்மதமா? சத்தம் வேண்டாம், சத்தம் போட்டுவிட்டுச் சம்பளத்தை நினைத்துப் பின்வாங்கியதெல்லாம் போதும். கையைத் தூக்குங்கள், பார்க்கிறேன்!

இந்தப் பக்கம் எல்லாக் கையும் வந்துவிட்டது. அந்தத் தூணுக்குப் பின்னால், முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு கையைத் தூக்கி நிற்கும் தம்பி யார்? ‘மதிப்பு போடறவர் சாப்பிடப் போயிருக்கார்’ என்று அன்று சொன்ன அதே தம்பி! முகத்தையும் தூக்கு தம்பி, உன் கைதான் இன்று எனக்குப் பெரிய கை.

கேட்டவர்களுக்கு நன்றி, தூக்கிய கைகளுக்குப் பெருநன்றி. கையை இறக்கிவிடலாம், வார்த்தையை இறக்காதீர்கள். வணக்கம்!