குழாயே இல்லாத வீட்டில் குழாய்ச் சோதனை

என் பெயர் டெனிஸ் இரிபார்ன். வயது 47. கலிபோர்னியா மாநிலம், பேக்கர்ஸ்ஃபீல்டு நகரம், எல்டர்பெர்ரி தெருவில் 2218-ஆம் எண் வீட்டில் என் தங்கை கோலெட்டுடன் குடியிருந்து வருகிறேன். புதிதாகக் கட்டும் வீடுகளில் ஆற்றல் சோதனை செய்வது என் தொழில். மாவட்ட வழக்குரைஞர் அலுவலகத்தின் விசாரணை அதிகாரி திரு. லாவோன் டிட்மோர் கேட்டுக்கொண்டபடி, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், தெளிந்த மனதோடும், மறைப்பானேன், மிகுந்த மகிழ்ச்சியோடும் இந்த வாக்குமூலத்தைத் தருகிறேன்.

எங்கள் மாநிலத்தில் புது வீட்டுக்குக் குடிபோக நகர அலுவலகம் அனுமதி தர வேண்டுமானால், அந்த வீட்டின் ஆற்றல் இணக்க அறிக்கை, என் போன்ற சோதனையாளர்களுக்கு உரிமம் தரும் பதிவகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அதில் முதலில் வரைபடம் போட்டவரும், அடுத்து ஏசி பொருத்தியவரும், கடைசியில் நேரில் போய்ச் சோதித்த என்னைப் போன்றவரும் கணினி வழியாகக் கையெழுத்திட வேண்டும். கூரைக்கு அடியில் ஓடும் குளிர்காற்றுக் குழாய்களின் வாய்களையெல்லாம் டேப்பால் அடைத்து, விசிறி வைத்துக் காற்றை ஏற்றி, எவ்வளவு கசிகிறது என்று அளப்பதுதான் என் வேலை. அளந்ததற்கு அத்தாட்சி என் கையெழுத்து. அந்தக் கையெழுத்தின் மேல் சந்தேகம் விழுந்துவிட்டால் இந்தத் தொழிலில் எனக்குக் கஞ்சி கிடையாது.

கோல்டன் ஃபர்ரோ ஹோம்ஸ் என்ற நிறுவனம் ஊருக்கு மேற்கே பாதாம் தோப்பு இருந்த இடத்தில் வீடுகள் கட்டி வந்தது. சென்ற ஜூன் மாதம் அங்கே சில வீடுகளைச் சோதித்தேன். அதன் பிறகு 14-ஆம் எண் வீட்டுக்குப் போனேன். அது திருமதி ஹஸ்மிக் நல்பாண்டியன் என்பவர் வாங்கிய வீடு. அந்த அம்மாளுக்கு ஆஸ்துமா. குழாயில் தூசி சேரும் என்று சொல்லி, குழாயே வேண்டாம், ஒவ்வோர் அறையிலும் சுவர் ஏசி மாட்டுங்கள் என்று கேட்டு வாங்கியிருந்தார். பதிவான வரைபட அறிக்கையிலோ குழாய் இருந்தது. ஆகவே நான் கையெழுத்திடாமல், அறிக்கையைத் திருத்தி மறுபடி பதிவு செய்தால்தான் வருவேன் என்று அப்போதைய கட்டுமானத் தள மேலாளரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் அடுத்த வாரமே வேலையை விட்டு டெக்சஸ் போய்விட்டார். அதன் பிறகு அங்கிருந்து யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

செப்டம்பரில் அங்கே குடிவந்த ஒரு குடும்பம், ஏசி ஓடியும் குழந்தையின் அறை அடுப்பாகக் கொதிக்கிறது என்று புகார் செய்தது. வேறொரு சோதனையாளர் போய் அளந்ததில், ஏற்றிய காற்றில் கால்வாசி கூரைக்கு அடியிலேயே கசிவது தெரிந்தது. அந்த வீட்டின் அறிக்கையில் சோதித்தவர் என்று என் பெயர் இருந்தது. நான் அந்த வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. அதன் பிறகு பதிவகம் என் உரிமத்தை நிறுத்தி வைத்தது. மற்ற கட்டுமானக்காரர்களும் கொடுத்திருந்த வேலைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கடையில் தெரிந்தவர்கள் என்னைக் கண்டதும் வேறு பக்கம் தள்ளுவண்டியைத் திருப்பினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

என் பெயரில் பதிவான வீடுகளின் விவரத்தைப் பதிவகம் அனுப்பியிருந்தது. அதில் 14-ஆம் எண் வீடும் இருந்தது. குழாய்ச் சோதனையில் அது மிக நன்றாகத் தேறியிருந்தது. சமையலறையில் நின்றபடியே வாய்விட்டுச் சிரித்தேன். கோலெட் ஓடிவந்து, "என்னடி ஆச்சு, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று கேட்டாள்.

புகார் மாவட்ட வழக்குரைஞர் அலுவலகத்துக்குப் போனதும், திரு. டிட்மோர் விசாரணைக்காக என்னைக் கட்டுமானத் தளத்தில் நிற்கும் அலுவலக வண்டிக்கு வரச்சொன்னார். புதிய மேலாளர் கிரெக் ஸ்டாபர் அங்கே இருந்தார். அவர் ஜூலையில் பொறுப்பேற்றவர். பேக்கர்ஸ்ஃபீல்டு வெயிலுக்குப் பயந்து ஏசி ஓடும் அந்த வண்டியை விட்டு இறங்காதவர் என்று தச்சர்கள் அவரைக் கேலி செய்வது ஊரறிந்தது. அவர் என்னைப் பார்த்து, "வா டெனிஸ். காத்த அளக்கிற வேலைல காத்தாட வாழ்ந்துட்டு, இப்ப பழிய எங்க தலைல போடப் பாக்கிறியா?" என்றார். தான் பொறுப்பேற்ற பிறகு பதிவான எல்லா வீட்டையும் நானே வந்து சோதித்ததாகவும், தான் கூடவே இருந்ததாகவும் திரு. டிட்மோரிடம் உறுதியாகச் சொன்னார்.

நான் கிரெக்கிடம் சில கேள்விகள் கேட்க அனுமதி கேட்டேன். கிடைத்தது.

"14-ஆம் நம்பர் வீட்டுக்கும் நான் வந்தேனா?"

"வந்த. ஏணிய நான்தான் புடிச்சேன். நீ மேல ஏறுனப்ப தூசி கொட்டி என் கண்ணே போச்சு."

"காத்து வர்ற வாய்க்கெல்லாம் டேப் ஒட்டுனேனா?"

"ஒண்ணு விடாம ஒட்டுன. நானே டேப்பக் கிழிச்சுக் கிழிச்சுக் கொடுத்தேன்ல."

"குழாய் எப்படி இருந்துச்சு?"

"புத்தம் புதுசா பளபளன்னு இருந்துச்சு. போதுமா?"

போதும் என்றேன். அவர் சொன்னதை எழுதிக்கொள்ளும்படி திரு. டிட்மோரைக் கேட்டுக்கொண்டு, அதன் பிறகு எல்லோரையும் 14-ஆம் எண் வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனேன். திருமதி நல்பாண்டியன் கதவைத் திறந்தார். கிரெக் உள்ளே போனதும் கூடத்தின் மேற்கூரையை அண்ணாந்து பார்த்தார். அடுத்த அறைக்குப் போய் அங்கேயும் பார்த்தார். அந்த அம்மாள் பின்னாலேயே போய், "மேல என்னப்பா தேடுற? பல்லியா?" என்று கேட்டார். டேப் ஒட்டிய காற்று வாய்களைத் தேடுகிறார் என்று நான் சொன்னேன். "அந்தக் கண்றாவியெல்லாம் வேணாம்னுதானே சுவத்துல மாட்டச் சொன்னேன்! இந்த வீட்டுல குழாயே இல்லையே! ஆமா, நீ யாரு? உன்ன நான் பாத்ததே இல்லையே?" என்றார். கிரெக்கின் முகத்தில் ஈயாடவில்லை.

திரு. டிட்மோர் ஏணி போடச் சொல்லி, தானே ஏறி, கூரைக்கு அடியில் விளக்கடித்துப் பார்த்தார். இறங்கி வந்து, "மிஸ்டர் ஸ்டாபர், அந்தப் பளபளப்பான குழாயக் கொஞ்சம் வந்து காட்டுறீங்களா?" என்றார். அந்த நொடி எனக்கு எப்படி இருந்தது என்று அவர் கேட்டதால் சொல்கிறேன். வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. கைதட்ட வேண்டும்போல் இருந்தது. திருமதி நல்பாண்டியன் தட்டியேவிட்டார்.

அதன் பிறகு கிரெக் அங்கேயே உட்கார்ந்து ஒப்புக்கொண்டார். ஜூனில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காத ஒரு நாள் அலுவலக வண்டிக் கணினியில் நான் அறிக்கை ஏற்றியபோது, என் கடவுச்சொல்லை அந்தக் கணினி சேமித்து வைத்துக்கொண்டதாம். வீடுகளைச் சீக்கிரம் கைமாற்றுவதற்காக, ஒரு வீட்டின் அறிக்கையை மற்ற வீடுகளுக்கும் நகலெடுத்து என் பெயரில் பதிவு செய்தாராம். 14-ஆம் எண் வீட்டுக்குள்ளாவது ஒரு முறை எட்டிப் பார்த்திருந்தால் மாட்டியிருக்க மாட்டார்.

பதிவகம் அந்த அறிக்கைகளை நீக்கியது. என் உரிமத்தைத் திருப்பித் தந்ததோடு மன்னிப்பும் கேட்டது. வீடுகள் அனைத்தையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும் என்று உத்தரவாகி, நிறுவனம் என்னையே அழைத்தது. புகார் செய்த குடும்பத்தின் வீட்டில் குழாய் இணைப்புகளை மூன்று முறை பூசி அடைக்க வைத்தேன். தேறிய பிறகே கையெழுத்திட்டேன். குழந்தையின் அறையில் இப்போது போர்வை கேட்கிறது. அன்று கோலெட்டும் நானும் பாஸ்க் இனத்தவர் நடத்தும் சாப்பாட்டுக் கடையின் நீள மேசையில் மாட்டுவால் குழம்பு சாப்பிட்டோம். தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்களில் இருவர் எழுந்து வந்து கைகொடுத்தார்கள். நானும் கொடுத்தேன்.

இந்த வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து நீட்டிய திரு. டிட்மோர், "கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா, முடிஞ்சுது" என்றார். பார்க்காமல் போட மாட்டேன் என்று சொல்லி முழுவதையும் படித்தேன். ஓரிடத்தில் 14-ஆம் எண் வீடு 41 என்று இருந்தது. அவரைத் திருத்த வைத்தேன். இப்போது இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நான் சொன்னதெல்லாம் நடந்தபடியே இருக்கிறது.

என் கையாலேயே,
(ஒப்பம்) டெனிஸ் இரிபார்ன்

என் முன்னிலையில் படித்துப் பார்த்து, திருத்தச் சொல்லி, அதன் பின் கையெழுத்திட்டார்.
(ஒப்பம்) லா. டிட்மோர், விசாரணை அதிகாரி