மண்டோர் கோட்டின் தோள்

சிஃபான் துணி தைக்கும்போது காற்றாடியை நிறுத்திவிட வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. இல்லாவிட்டால் பறந்து பறந்து உயிரை வாங்கும்.

வரும் சனிக்கிழமை ரவாங் மண்டபத்தில் நடக்கிற உடையலங்காரப் போட்டிக்குத்தான் இந்த உடையைத் தைத்தேன். ஜெயித்தால் கோலாலம்பூர்க் கடை ஒன்று என் உடைகளை வாங்கிக்கொள்ளும். பத்தாங் காலித் தோட்டத்து லய வீட்டுப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் நான். அந்தக் கடை எனக்கு வேண்டும்.

உள்ளே, தும்மினால் கிழிந்துவிடும் சிஃபான். மேலே, விறைத்த ஆம்பளைத் தோள். இதுதான் என் யோசனை. தோளில் ஸ்பாஞ்சு வைத்து, ஃபேக்டரிக்குப் போகும் ஒல்லி நாகமணிக்கு மாட்டிப் பார்த்தேன்.

"அமராவதிக்கா, தலகாணியத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு லா," என்றாள்.

உண்மைதான். அசல் கோட்டின் தோள் வேண்டும். அது வீட்டிலேயே இருந்தது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை, தோட்டத்துக் கூலிகளை வேலை வாங்கும் மண்டோரான என் கணவர் நல்லசாமிக்குக் கொடுத்துவிட்டுப் போன கோட்டு. கேட்டேன்.

"பொம்பள சட்டைக்கு எங் கோட்டா? போடி."

கோபம் வந்தது. மறைக்க மாட்டேன்.

பிறகு அவர் ஒழுகிய தகரக் கூரையை அடைக்க ஏணியில் ஏறி, விழுந்து இறந்தார். கோட்டைப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று அவர் தம்பி சோமு ஒற்றைக்காலில் நின்றார். நானே உடுத்திவிடுகிறேன் என்று கதவைச் சாத்தினேன். முதுகையும் தோளையும் வெட்டி எடுத்துக்கொண்டு, மீதியைக் குண்டூசியால் சட்டையில் நிறுத்தினேன். படுத்திருப்பவருக்கு முதுகு எதற்கு? தோளை மாலை மறைத்துவிட்டது. மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். தைத்தவளுக்குப் பெருமையாக இருக்காதா?

சுடுகாட்டுக்கு எங்கள் பெண்கள் போவதில்லை. அங்கே அரைஞாண் கயிற்றை அறுப்பதற்கு உடம்பைத் தூக்குவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? முதுகுக்கடியில் கை கொடுத்த சோமுவைக் குண்டூசி குத்தியிருக்கிறது; திருப்பிப் பார்த்தால் கோட்டுக்கு முதுகே இல்லை. உங்களைக் கூப்பிட்டுவிட்டார்.

உடை அதோ தொங்குகிறது. தோள் எப்படி நிற்கிறது பாருங்கள். நாகமணி போட்டுக்கொண்டு போகட்டும், தடுக்காதீர்கள்.

கோட்டைப் பெட்டியிலிருந்து எடுப்பது தன் சாவுக்குத்தான் என்று அவரேதான் சொன்னார். போட்டியோ சனிக்கிழமை. அதனால் ஏணியைப் பிடித்திருந்த கையை எடுத்தேன். தள்ளவில்லை, ஐயா. நான் அப்படிப்பட்டவள் இல்லை.