ஏழாவது குழாய்

— திரும்பவும் கேக்கறேன் அண்ணே, இந்தக் குழாயை யார் தொட்டா?

— யாரும் தொடலை, டாக்டரம்மா.

— ஐஸ் வைக்காதீங்க. நாளைக்குப் பரீட்சைக் குழு முன்னாடி நின்னு பாஸானாத்தான் நான் டாக்டர். இந்த ஸ்கேன் படத்தைப் பாருங்க. தார் மாதிரி எண்ணெய் பிடிச்ச மணல், அதுக்கு மேல நான் ஊத்தின கரைப்பான். ரெண்டு நாள்ல எவ்வளவு கீழ ஊறியிருக்கு?

— இந்தக் கறுப்பு வரைக்கும்னா... மூணு மில்லிமீட்டர் இருக்கும்.

— அதே மணல், அதே எண்ணெய், அதே ரெண்டு நாள். முன்னாடி ஆறு குழாய்லயும் எட்டு. ஒண்ணு விடாம எட்டு! இது மட்டும் ஏன் மூணு?

— மிஷினைக் கேளுங்க. நான் பட்டன் அமுக்கறவன்.

— மூடியைத் திறந்தீங்களா? பாதி ஆவியாப் போயிருக்கும்.

— அந்த நாத்தத்தை மோந்து பாக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்து?

— அப்ப பக்கத்து லேப்காரர் வந்தாரா? நான் கவுந்தா அவருக்குத்தான் கொண்டாட்டம்.

— அட, அவரு ஒரு வாரமா லீவும்மா. சாவி என் இடுப்புல இருக்கு.

— அப்ப நீங்க ஒருத்தர்தான் மிச்சம். ஏன் என் மூஞ்சியைப் பாக்காம பேசறீங்க?

— இப்படி முறைச்சா யாரு பாப்பா?

— மழுப்பாதீங்க அண்ணே. நாலு வருஷம். என் புள்ள நடக்க ஆரம்பிச்சதைக்கூட நான் போன்லதான் பாத்தேன். வயிறு எரியுது எனக்கு.

— ஐயோ, சத்தியமாச் சொல்றேன்மா. 'யாரும் தொடக் கூடாது'ன்னு இந்தக் குழாய்க்குத்தானே முதமுதல்ல சீட்டு ஒட்டினீங்க? பயந்துபோய் கிட்டகூட போகலை. நிக்க வச்ச இடத்துலயே நின்னுச்சு.

— நின்னுச்சா? மத்ததெல்லாம் நிக்கலையா?

— அது... விடுங்களேன்.

— அண்ணே!

— மிஷின் சுத்தினா தரையே அதிருது. கண்ணாடிக் குழாய் விழுந்து உடைஞ்சா யாரு திட்டு வாங்கறது? நீங்க அந்தப் பக்கம் போனதும் பதமா படுக்க வச்சிடுவேன். நீங்க வர்றதுக்குள்ள எடுத்து நிமித்திடுவேன். உங்க நல்லதுக்குத்தாம்மா!

— படுக்க வச்சா கரைப்பானும் எண்ணெயும் தானா சரிஞ்சு கலந்துடுமே! அப்ப நான் ஊறினதை அளக்கவே இல்லையே! சொல்லுங்க, எத்தனை குழாயை?

— ஆறையும்தாம்மா. இது ஒண்ணைத்தான் நான் தொடலை.