மெஷின் எழுதிய ‘ஆமாம்’

நவம்பர் மாதம். இருட்டிவிட்ட ஆறு மணி. மூடிக்கிடக்கும் சிமெண்ட் ஆலையைத் தாண்டி நீதிமன்றத்துக்குப் போகும் சாலை... நாய்கூட நடக்காது. சிரிக்காதே போரிஸ், கிளாஸைக் கீழே வை. நம் ராலிட்சாவின் மாமா ஜெல்யாஸ்கோவுக்கு நடந்தது இது.

அவர் அங்கே எழுத்தர். வேலைச் சுமையைக் குறைக்கிறோம் என்று, விசாரணையைப் பார்த்துக் கேட்டுத் தானே எழுதும் மெஷினை வாங்கினார்கள். குறைந்தது ஆட்கள்தான். மிஞ்சியவர் மாமா ஒருவர். அது எழுதியதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கையெழுத்தை மட்டும் போட்டார்.

மெஷின் வெளிநாட்டுச் சரக்கு. பல்கேரியர்கள் நாம் மேலும் கீழும் தலையாட்டினால் ‘இல்லை’ என்று அர்த்தம்; அதை அதற்கு யார் சொல்லித் தந்தார்கள்?

தோப்ரின்கா என்ற விதவையிடம் நீதிபதி கேட்டார்: “வீட்டை மகனுக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதமாம்மா?” கேட்டுவிட்டு அடுத்த வழக்கைப் புரட்டினார். அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மேலும் கீழும் தலையாட்டினாள். மெஷின் ‘ஆமாம்’ என்று எழுதியது.

வீடு கைவிட்டுப் போன பிறகு மாமாவிடம் ஓடி வந்தாள். “நீயும் அங்கதானே உக்காந்திருந்தே! நான் இல்லைன்னுதானே தலையாட்டினேன்?”

“பதிவுல ஆமாம்னு இருக்கே அக்கா. நான் என்ன பண்ண?”

பாவி மனிதர்! உண்மையைச் சொன்னால் வேலை போய்விடுமே. அந்தக் குளிர்காலத்தில் அவள் பேருந்து நிழற்குடையில் விறைத்துச் செத்தாள்.

மறு வருஷம்தான் நான் சொன்ன நவம்பர். மாமா விளக்கை அணைத்துப் பூட்டப் போனார். உள்ளே... கிறீச். நாற்காலி இழுபடும் சத்தம். கூடவே சர்க்கரை போட்ட அவித்த கோதுமை வாசனை... செத்தவர்களுக்காகக் கல்லறையில் கொடுப்போமே, அதே. சாட்சி நாற்காலியில் யாரும் இல்லை. மெஷினின் திரை தானாக எழுதியது: ‘சாட்சி வந்திருக்கிறார்.’

மாமா தொப்பியைக் கழற்றினார். “தோப்ரின்கா அக்கா... என்னை மன்னிச்சிட்டியா?”

ஒரு சத்தமும் இல்லை. பிறகு திரையில் ஒரே சொல். ‘ஆமாம்.’

அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினார். “மன்னிச்சிட்டா! மெஷினே எழுதிருச்சு!”

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். “வாயால சொன்னாளா... தலையாட்டினாளா?”

அடுப்பில் கொதித்தது பீன்ஸ் சூப்தான்... வீடு முழுக்க அவித்த கோதுமை மணத்தது.