முகம் கழுவின வண்டி

— தேய்க்காதே பாய், தேய்க்காதே! காஞ்சுபோன ஈசலத் தேய்ச்சா பெயிண்டோட வந்துரும். மொதல்ல ஈரச் சாக்க எடுத்து மேல போத்து. கொஞ்சம் ஊறட்டும்.

— ஊறட்டுமாம்! மணி ஆறரை ஆவுது அருள்நாதா. ஏழரைக்கு மொதலாளி ஹார்பர் ஆபீசுக்குக் கெளம்புவாரு. அதுக்குள்ள இது ஊறி, நீ தொடச்சு, அது காஞ்சு… யா அல்லா! இது இன்னாடா நைனா, வண்டி மூஞ்சியா, ஈசல் கறியா? கொஞ்சம் வெங்காயம் போட்டு வதக்கிக்கலாம் போல கீது.

— சிரிக்கிற நேரமா பாய் இது?

— சிரிப்பா? வயித்தெரிச்சல்டா. ஜப்பான்காரன் குண்டு போடப்போறான்னு பட்டணமே காலியாச்சே, அப்பக்கூட இந்த கேட்ட வுட்டு நவுராதவன்டா இந்தக் கலீலுல்லா. நேத்து நீ கால்ல வுழுந்தேன்னு பூட்டத் தொறந்துவுட்டேன் பாரு, அது பேஜாராயிடுச்சு.

— எனக்காவவா வுழுந்தேன்? மீஞ்சூர்லேர்ந்து மச்சான் சைக்கிள மிதிச்சுக்கினு வந்து நிக்கிறான். பெரசவத்துக்கு அம்மா வூட்டுக்குப் போன என் பொண்டாட்டி ஃப்ளோராவுக்கு நோவு கண்டு ரெண்டு நாளாச்சாம். புள்ள கால் முன்னாடி வருதாம். மருத்துவச்சி கையக் கழுவிக்கினு எழுந்து போயிட்டாளாம். மாட்டு வண்டில ஏத்திக்கினு வந்தா மணலி தாண்டறதுக்குள்ள போயிருப்பா.

— மொதலாளிய எழுப்பி ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேடா.

— கேட்டா குடுத்துடுவாரா? எனக்கு முன்னாடி இங்க டிரைவரா இருந்தானே வேதமாணிக்கம், அவனுக்கு இன்னா ஆச்சு? கேக்காம வண்டிய எடுத்து, தங்கச்சிய மாதவரத்துல எறக்கிவுட்டுட்டு வந்தான். மட்கார்டுக்கு அடில ஒரு துளி செம்மண்ணு. அன்னிக்கு சாயங்காலமே சட்டி பானையோட தெருவுல நின்னான்.

— நான் தானே கேட்டத் தொறந்து வெளிய வுட்டேன். அந்தப் பொம்பள அழுவ, புள்ளைங்க அழுவ… மொதலாளி விரல் இருக்குதே, அது விரலாடா? காலைல ஏறதுக்கு முன்னாடி மட்கார்டுல ஒரு இழுப்பு, கிரில்லுல ஒரு இழுப்பு. அப்பறம் அத மூக்காண்ட வெச்சு மோந்து பாக்கிறாரு, கருவாடு வாங்க வந்தவரு மாதிரி.

— அதான் பாய் நான் பயப்படறது. வேல போச்சுன்னா பின்கட்டு ரூமும் போச்சு. பெத்தவளையும் புள்ளையையும் எங்க கொண்டுபோயி வெப்பேன்? அந்த மண்ணெண்ணெய இப்பிடி தள்ளு. நீ லைட்டத் தொடச்சுடு, நான் கிரில்லப் பாக்கிறேன்.

— ஆசுபத்திரில இன்னா தான் சொன்னாங்க? வந்ததுலேர்ந்து ஈசல் ஈசல்னே பேசிக்கினு கீறியே.

— விடியற வரைக்கும் காக்கவெச்சுட்டு, வயித்தக் கீறித்தான் எடுக்கணும்னு நர்சம்மா சொன்னாங்க. எட்டு மணிக்குப் பெரிய டாக்டரம்மா வருவாங்களாம். வந்து பாத்துட்டு, புருசன எதிர்ல நிக்கவெச்சுக் கையெழுத்து வாங்கிக்கினு தான் கத்தி எடுப்பாங்களாம். எட்டு மணிக்கு நான் அங்க நிக்கணும் பாய். அதுக்கு மேல தாங்கமாட்டான்னு சொல்லிட்டாங்க.

— அவ அம்மா கைநாட்டு வெக்கக்கூடாதா? கூடத்தானே வந்தாங்க?

— கேட்டேனே. புருசன் உசுரோட ஊர்ல கீறானா, அப்ப அவன் தான் போடணுமாம். மொதலாளிய ஹார்பர்ல எறக்கிவுட்டா பத்து மணி வரைக்கும் கூப்பிடமாட்டாரு. அங்கேர்ந்து ஆசுபத்திரி ஒரே ஓட்டம். கணக்கா எட்டுக்குப் போயிருவேன்.

— ஓடு, ஓடு. ஆனா இந்த ரேடியேட்டர் ஓட்டைல பூந்துக்கினு கீறதெல்லாம் எப்ப எடுக்கிறது? றெக்க றெக்கயா கீதே!

— தொடப்பத்துலேர்ந்து ஒரு ஈர்க்குச்சி உருவிக் குடு. ஒண்ணொண்ணா குத்தித் தள்ளணும். இதுல ஒரு றெக்க அவரு விரல்ல ஒட்டினாலும் முடிஞ்சுது.

— எத்தினி ஆயிரம்டா நைனா! ராத்திரி நீ ரோட்டுல வந்தியா, புத்துக்குள்ள பூந்து வந்தியா?

— மழ வுட்ட ஒடனே கெளம்புச்சு பாய். மணலி ஏரிக்கரையாண்ட வரக்கொள்ள லைட்டு வெளிச்சத்துல ரோடே காணும். வெள்ளையா, மாவு சலிக்கிற மாதிரி. வைப்பரப் போட்டா கண்ணாடி பூரா கொழகொழன்னு ஆவுது. ஜன்னல்ல தலைய வெளிய நீட்டிக்கினே ஓட்டினேன். வாயில, கண்ணுல எல்லாம் பூந்துச்சு. பின்னாடி அவ என் துண்டக் கடிச்சுக்கினு படுத்திருந்தா. ‘இன்னாங்க சத்தம், மழையா?’ன்னா. ஈசல் மோதுதுன்னேன். ‘பொறந்த அன்னிக்கே சாவுதுங்களே’ன்னா. அதுக்கப்பறம் பேசவே இல்ல.

— தத்! அதெல்லாம் எதுக்கு இப்போ நெனச்சுக்கினு? எம் பொண்ணு ஜெரினாவுக்கும் புள்ள கால் தான் முன்னாடி வந்துச்சு. அந்தப் புள்ள இப்போ சந்துல கோலி ஆடுது. குத்து, குத்து, அந்த மூலைல இன்னும் கீது.

— பாய், மொதலாளி எதுனா கேட்டா…

— கேட்டா?

— வண்டி வெளிய போவலன்னு சொல்லிடு. ஷெட்டுல தான் நின்னுச்சுன்னு.

— நான் அஞ்சு வேளையும் தொழுவுறவன்டா.

— தெரியும் பாய்.

— பொய் சொல்ற வாயால தொழுவச் சொல்றியா?

— மாதாவே, நான் யாரக் கேப்பேன்? உன்ன வுட்டா எனக்கு யாரு கீறாங்க பாய்?

— அழுவாதடா. கண்ணத் தொடச்சுக்கோ. அந்த எண்ணெக் கையால தொடைக்காதே, எரியும். சொல்றேன், போ. வண்டி வெளிய போவல. பூட்டு தொறக்கல. கலீலுல்லா தூங்கல. போதுமா? ரெண்டு உசுரு சமாச்சாரம், அல்லாவுக்குத் தெரியாதா?

— இப்ப விரல வெச்சு இழுத்துப் பாரு பாய். மொதலாளி மாதிரி.

— ம்ம்… மோந்தும் பாத்துட்டேன். லேசா எண்ணெ வாட கீது. காத்துல போயிரும். கண்ணாடிடா! என் தாடி தெரியுது. மணி ஏழு தான் ஆவுது. போ, மூஞ்சியக் கழுவிக்கினு சட்டைய மாத்து. பின்பக்கச் சேத்த நான் பாத்துக்கிறேன்.

— கேட்டுல யாரோ தட்றாங்க பாய்.

— பால்காரனா இருக்கும்… இல்லடா. செவப்புத் தொப்பி. அப்பாவு ஏட்டு.

— யோவ் பாய், தொற கேட்ட. கறுப்பு மோரிஸ் காரு ஒண்ணு இந்த வூட்டுல கீதுன்னாங்க. இதானா? டிரைவரு யாரு, நீயா?

— ஆமா ஏட்டையா. அருள்நாதன்.

— ராத்திரி மூணு மணிக்கு டோல்கேட்டாண்ட ஒருத்தன் அடிபட்டுக் கெடந்தான். ஜெயக்கொடின்னு பேரு. மீன் கூடைய ஏத்தி இழுக்கக் கைவண்டியத் தள்ளிக்கினு காசிமேட்டுக்குப் போனவன். கறுப்பு வண்டி, நிக்காம போயிடுச்சு. காலைல உசுரு வுட்டுட்டான். இந்த வண்டி ராத்திரி வெளிய போச்சா?

— இல்ல ஏட்டையா. ஷெட்டுல தான் நின்னுச்சு. பாயக் கேளுங்க.

— ஆமாங்க. பூட்டு சாவி என் இடுப்புல தான் இருந்துச்சு. நான் கண்ண மூடல.

— அது கெடக்கட்டும். வெளிய போவாத வண்டில ஈரச் சேறு எப்பிடிய்யா வந்துச்சு? பின் சக்கரத்தப் பாரு, இன்னும் ஒழுவிக்கினு கீது. முன்னாடி மட்டும் மண்ணெண்ணெ போட்டு முகம் பாக்கிற மாதிரி தொடச்சு வெச்சிருக்கே. இன்னாய்யா தொடச்சே?

— ஏட்டையா… மெதுவா. மொதலாளி மேல தான் கீறாரு.

— கீறாரா? வரட்டும். இன்னா தொடச்சே?

— பொய் சொல்லிட்டேன் ஏட்டையா. வண்டி போச்சு. மீஞ்சூருக்குப் போயி என் பொண்டாட்டிய ஆசுபத்திரிக்குக் கொண்டாந்தேன். புள்ளத்தாச்சி. அவள மூணேகாலுக்குச் சேத்தேன், அங்க எழுதியிருக்காங்க, பாருங்க.

— மூணேகாலா? அப்போ மூணுக்கு டோல்கேட் தாண்டியிருக்கே.

— தாண்டினேன். யாரையும் அடிக்கல. மாதா சத்தியமா எவன் மேலயும் மோதல!

— பொய் சொன்ன வாய் இன்னும் காயல, சத்தியம் பண்றே. பாய், நீயும் தான். இந்த வயசுல.

— ஏட்டையா, தப்பு என்னுது. நான் தான் தொறந்துவுட்டேன், நான் தான் தொடச்சேன். என்ன இட்டுக்கினு போங்க. அவன வுடுங்க, எட்டு மணிக்கு அவன் கையெழுத்துப் போடலன்னா தாயும் புள்ளையும் ரெண்டும் போயிரும்.

— நீயா வண்டி ஓட்டினே? அவன் டேசனுக்கு வரட்டும். இன்ஸ்பெக்டரு பத்து மணிக்கு வருவாரு, அவராண்ட சொல்லட்டும்.

— பத்து மணிக்கா? ஏட்டையா, கால்ல வுழறேன். வெலங்கு வேணும்னாலும் போட்டு இட்டுக்கினு போங்க. போற வழில ஆசுபத்திரி. ஒரே ஒரு கையெழுத்து!

— டேசனுக்குக் காட்டாம கைதிய எங்கேயும் இட்டுக்கினு போவக்கூடாதுய்யா. என் வேல போயிரும்.

— நான் ஈசலத்தான் ஏட்டையா தொடச்சேன்! இதோ, பக்கெட்டப் பாருங்க. கையால அள்ளிக் காட்டறேன், பாருங்க. ரத்தம் கீதா இதுல? எல்லாம் ஈசல். மொதலாளிக்குத் தெரியக்கூடாதுன்னு தொடச்சேன். வேற ஒண்ணும் இல்ல!

— விடிஞ்சதுலேர்ந்து நாலு கறுப்பு வண்டி பாத்துட்டேன்யா. நாலுலயும் ஈசல் கூழு மாதிரி அப்பிக்கினு கீது, ஒரு எடத்துலயும் கலையல. ஆள் மேல மோதியிருந்தா கலைஞ்சிருக்கும் இல்ல? பாத்த ஒடனே போன்னு வுட்டுட்டேன். நீ தொடைக்காம வுட்டிருந்தா இந்நேரம் அவ பக்கத்துல நின்னுக்கினு இருப்பே.