அவைத்தலைவர் மணி அடிக்காத அன்று

கையில் மணியோடும் கண்ணில் பாதித் தூக்கத்தோடும் இந்த அவைக்குத் தலைமை தாங்கும், என் அக்காவின் கணவரும், சென்ற ஆண்டு இதே நாற்காலியில் சில நிமிடங்கள் இறந்து போனவருமான பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அத்தான் அவர்களே! அவரைத் தம் பல்லால் காப்பாற்றிய என் அருமை அக்கா அவர்களே! திறப்பு விழா நடக்காத எதையும் திறக்க விடாத எங்கள் மன்றச் செயலாளர் அவர்களே! என் பேச்சை நடுவில் அணைத்த ஒரே மனிதராகிய மைக்செட்காரத் தம்பி அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்தோர்களே, தாய்மார்களே! வாசலை ஒரு கண்ணால் பார்த்தபடி பின்வரிசையில் வீற்றிருக்கும் அனுபவசாலிகளே! மேடைக்குக் கீழே, இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல், வாய் பிளந்து வரிசையாகப் படுத்திருக்கும் பன்னிரண்டு ரப்பர் பொம்மைகளே! உங்கள் அனைவரின் நெஞ்சுக்கும் என் இரு கை குவித்த வணக்கம்!

முதலில் ஓர் அறிவிப்பு. இன்று நம் தலைவர் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மேசைமேல் உள்ள மணியை அடிப்பார். அது என்னை நிறுத்தச் சொல்லும் மணி அன்று. தாம் உயிரோடு இருப்பதை அவைக்குத் தெரிவிக்கும் மணி. இது அக்காவின் ஏற்பாடு. அத்தான் தேறிவிட்டார் என்று மருத்துவர் எழுதியே கொடுத்தார். அக்கா அந்தக் காகிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "அது இருக்கட்டும், நீங்க மணி அடிங்க" என்று சொல்லிவிட்டார்.

அதோ, கேட்டீர்களா? அடித்துவிட்டார். இருக்கிறார். தொடர்கிறேன்.

அன்பர்களே, இந்த மன்றத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இங்கே ஒருவர் இருபது நிமிடம் பேசலாம். இருபதாவது நிமிடம் தலைவர் மணி அடிப்பார். நான் பேசத் தொடங்கினால் மூன்றாவது நிமிடம் அத்தான் தூங்கிவிடுவார். குறட்டையும் வரும். ஆனால் சரியாக இருபதாவது நிமிடம் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி மணியைத் தட்டுவார். முப்பது ஆண்டுகளில் ஒரு நாளும் தவறியதில்லை. இந்தக் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தையே நாங்கள் அவரைப் பார்த்துத்தான் திருத்துவோம்!

சென்ற ஆண்டு இதே கூடத்தில், ஒரு பிற்பகலில், ஒரு பெட்டிக்குத் திறப்பு விழா. அதோ, வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறதே, அதே பெட்டிதான். நின்று போன இதயத்துக்கு மின்சாரம் கொடுத்து மீண்டும் துடிக்க வைக்கும் டீஃபிப்ரிலேட்டர் பெட்டி. அது வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எட்டு மாதமும் செயலாளர் அதைத் தினமும் துடைத்தார், சுற்றிலும் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்தார், யாரையும் தொட விடவில்லை. ஏன்? சிறப்பு விருந்தினர் தேதி கொடுக்கவில்லை! எட்டு மாதமாக இந்த ஊரில் எவருக்கும் இதயம் நிற்க அனுமதி இல்லை!

தேதி கிடைத்தது. கூட்டம் சேர்ந்தது. விருந்தினர் மட்டும் வரவில்லை. செயலாளர் என் காதோரம் வந்தார். "ஐயா, அவரு வர்ற வரைக்கும் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க" என்றார். என்னிடமா சொன்னார்? இழுப்பதை என்னிடமா சொன்னார்? ஆற்றொழுக்காய் ஆரம்பித்தேன். தலைப்பு, "இதயமே எழுக!" இதயத்தின் ஈரம் பேசினேன், இதயத்தின் வீரம் பேசினேன், இதயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் பேசவில்லை. எனக்கே அது சரியாகத் தெரியாது.

இருபதாவது நிமிடம் வந்தது. மணி வரவில்லை!

அன்பர்களே, ஒரு பேச்சாளனின் காதுக்கு மணி வராத மௌனம் என்ன சொல்லும் தெரியுமா? "பேசு மகனே பேசு" என்று சொல்லும்! முப்பது ஆண்டுகளாகக் கிடைக்காத இருபத்தோராவது நிமிடம் எனக்குக் கிடைத்தது. திரும்பிப் பார்த்தேன். அத்தான் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயைத் திறந்து, பெரிதாக ஒரு குறட்டை விட்டார். நிம்மதியானேன். முன்வரிசையில் அக்காவைப் பார்த்தேன். "நீ பேசினா அவரு தூங்குறது வழக்கம்தானே, தம்பி. நீ பாட்டுக்குப் பேசு" என்றார். நான் என் பாட்டுக்குப் பேசினேன். குரலை உயர்த்தினேன். கையை விரித்தேன். "இதயமே, நீ நின்றாலும்..." என்று இழுத்தபோது...

மைக் செத்துவிட்டது.

என் மானமே போயிற்று! "யாரடா அணைத்தது?" என்று வெறும் தொண்டையில் கத்தினேன். கூடத்தின் ஓரத்திலிருந்து மைக்செட்காரத் தம்பி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். "நான்தாண்ணே அணைச்சேன்! நிறுத்துங்க! அது அவரு குறட்டை இல்ல!"

கவனியுங்கள். பதினோரு ஆண்டுகளாகத் தலைவர் மைக்கில் அத்தானின் குறட்டை வரும்போதெல்லாம் அதைக் குறைத்து வைப்பது அந்தத் தம்பியின் வேலை. அந்தக் குறட்டையின் ஏற்றமும் இறக்கமும் அவர் விரலுக்குத் தெரியும். "அவரு குறட்டை ரம்பம் மாதிரி ஒரே சீரா வரும்ணே. இது விட்டு விட்டு இழுக்குது. இது மூச்சே இல்ல!" என்றார். இதயம் நின்றவர்கள் சிலர் அப்படித்தான் குறட்டை போல ஒரு சத்தம் போடுவார்களாம், திணறித் திணறி மூச்சை இழுப்பார்களாம். தூக்கம் என்று நினைத்து வீட்டார் போர்வையை இழுத்துப் போர்த்திவிடுவார்களாம். தாய்மார்களே, இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். தட்டினாலும் எழவில்லை, மூச்சும் ஒழுங்காக இல்லை என்றால் அது தூக்கமே இல்லை.

மணி! கேட்டது, கேட்டது. நன்றி அத்தான்.

தம்பி அத்தானின் தோள்களைத் தட்டினார், பெயர் சொல்லிக் கத்தினார். அசைவில்லை. அவரைத் தரையில் மல்லாக்கக் கிடத்தினார். "நீங்க ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க! நீங்க அந்தப் பெட்டியைக் கொண்டாங்க!" என்று ஆளுக்கொரு விரலை நீட்டிச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் கைவைத்து அமுக்கத் தொடங்கினார். பெட்டியைக் கொண்டுவரும் விரல் யாரை நோக்கி நீண்டது? நம் செயலாளரை நோக்கி!

செயலாளர் ஓடினார். பெட்டியை மார்போடு அணைத்தபடி ஓடி வந்தார். வந்து என்ன சொன்னார்? "ரிப்பன் இருக்கே! சிறப்பு விருந்தினர் இன்னும் வரலையே! கத்தரிக்கோல் இருக்கிற தட்டு அவரை எதிர்கொள்ள வாசலுக்குப் போயிருக்கே!"

சிரிக்காதீர்கள், செயலாளர் மேல் தவறில்லை. முப்பது ஆண்டு மேடைப் பழக்கம். அவர் கை ரிப்பனை இறுகப் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் என் அக்கா எழுந்தார். முழங்கால் வலிக்கிறது என்று வீட்டில் மாடிப்படி ஏறாத அக்கா மேடைக்கு ஒரே தாவலில் வந்தார். "எம் புருஷன் கெடக்குறாரு, உனக்கு ரிப்பனா?" என்று கேட்டு, குனிந்து, அந்தச் சிவப்பு ரிப்பனைப் பல்லால் கடித்து அறுத்தார்!

ரிப்பன் விழுந்தது. உடனே இந்த அவை என்ன செய்தது? சொல்லுங்கள், வெட்கப்படாமல் சொல்லுங்கள்! ஆம், கைதட்டினீர்கள்! புகைப்படக்காரர், "அக்கா, ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் பாருங்க" என்றார்! கீழே ஒரு மனிதர் உயிர் போய்க் கிடக்கிறார், நாம் ரிப்பனுக்குக் கைதட்டுகிறோம். அன்று நான் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. ஏனென்றால் நானும் தட்டினேன்.

"அண்ணே, தட்டுற கையை இங்க கொண்டாங்க, சும்மா நிக்காம எண்ணுங்க!" என்றார் தம்பி. நான் தொண்டையைச் செருமினேன். "மதிப்பிற்குரிய ஒன்று அவர்களே..." என்று தொடங்கினேன். என்ன செய்வது, பழக்கம்! "ஐயோ அண்ணே, வெறும் நம்பர்! வேகமா! நிமிஷத்துக்கு நூறுக்கு மேல வரணும்!" என்று கத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு! அடைமொழி இல்லை, அடுக்குமொழி இல்லை. என் வாழ்நாளிலேயே நான் பேசிய ஒரே உபயோகமான பேச்சு அந்த எண்கள்தான்.

அதற்குள் அக்கா பெட்டியைத் திறந்தார். பெட்டி பேசியது! அன்பர்களே, எத்தனையோ பேச்சாளர்களைக் கேட்டிருக்கிறேன், அப்படி ஒரு பேச்சாளரை நான் கேட்டதில்லை. "சட்டையை விலக்குங்கள்" என்றது, அக்கா புதுச் சட்டையைக் கிழித்தார். "பட்டைகளைப் படத்தில் உள்ளபடி ஒட்டுங்கள்" என்றது, ஒரு பட்டையை வலது தோளுக்குக் கீழேயும் இன்னொன்றை இடது அக்குளுக்குக் கீழேயும் தம்பி ஒட்டினார். "யாரும் தொடாதீர்கள்" என்றது, இருநூறு பேரும் பின்வாங்கினார்கள். பிறகு, "மின்னும் பொத்தானை அழுத்துங்கள்" என்றது. தம்பி, எல்லோரும் விலகிவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு அழுத்தினார். அத்தானின் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. "தொடர்ந்து அமுக்குங்கள்" என்றது.

தம்பிக்குக் கை ஓய்ந்துவிட்டது. "அண்ணே, நீங்க வாங்க" என்றார். நான் மண்டியிட்டேன். அத்தானின் நெஞ்சில் கை வைத்தேன். சின்ன வயதில் என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போன மனிதர் அவர். மேடையில் அழுவதுபோல் நான் நூறு முறை நடித்திருக்கிறேன். அன்று அழுகை தானாக வந்தது, துடைக்கக் கை இல்லை. பயந்து பயந்து தடவினேன். "வலிக்கும்னு பாக்குறீங்களா? அமுக்குங்கண்ணே! அரைச் சாண்ல பாதியாவது நெஞ்சு இறங்கணும்!" என்று தம்பி அதட்டினார். அமுக்கினேன். ஏதோ மளுக்கென்றது. "எலும்பு ஒட்டிக்கும், உயிர் ஒட்டாது, விடாதீங்க!" என்றார் அக்கா. நான் விடவில்லை.

நூறை எண்ணி முடித்து மறுபடி ஒன்றுக்கு வந்தபோது அத்தானின் கை அசைந்தது. எங்கே போனது அந்தக் கை? மேசைப் பக்கம்! மணியைத் தேடியது!

ஆமாம், இப்போது தட்டுங்கள், இப்போது தாராளமாகத் தட்டுங்கள்!

அவருக்கு மொத்தம் நான்கு விலா எலும்பு முறிந்தது. அதில் இரண்டு என் உபயம். மருத்துவமனையில் கண்விழித்ததும் அத்தான் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி, "அவன் முடிச்சிட்டானா?"

அதோ மணி. வாழ்க!

"இந்த வித்தையை எங்கே கற்றாய்?" என்று பிறகு தம்பியைக் கேட்டேன். ஒரு தொழிற்சாலையில் சி.பி.ஆர். பயிற்சி நடந்ததாம், அதாவது இப்படி நெஞ்சை அமுக்கி உயிர் காக்கும் பயிற்சி, இன்று இந்தப் பொம்மைகளில் நீங்கள் பழகப் போகும் அதே பயிற்சி. அங்கே இவர் மைக் கட்டப் போயிருந்தாராம். "பதினோரு வருஷமா இந்த ஊர்ல எல்லார் பேச்சையும் கேட்டிருக்கேண்ணே. அதுல உருப்படியா இருந்தது அது ஒண்ணுதான்" என்றார். முகத்துக்கு நேரே சொன்னார்! எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் வந்தது. பிறகு போய்விட்டது, ஏனென்றால் அவர் சொன்னது உண்மை.

என்ன ஐயா, பின்வரிசையில் கை தூக்குகிறீர்கள்? "தப்பா அமுக்கிச் செத்துட்டா என்ன பண்றது?" ஐயா, அவர் மூச்சு நின்று கிடக்கிறார்! அதைவிட மோசமாக உங்களால் என்ன செய்துவிட முடியும்? என்னம்மா? "வாயில வாய் வைக்கணுமா?" பழகாதவர்களுக்குக் கையால் அமுக்கினாலே போதும், அம்மா. உங்கள் வீட்டுக்காரர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார் பாருங்கள்!

படித்தவர் வரட்டும் என்று பார்த்திருப்பதா? பட்டம் பெற்றவர் வரட்டும் என்று படுத்திருப்பவரைக் காக்க வைப்பதா? வண்டி வரட்டும் என்று வாசலைப் பார்ப்பதா? நெஞ்சு நின்றவருக்கு நேரம் இருக்கிறதா? நிமிடம் ஒவ்வொன்றும் அவர் உயிரிலிருந்து அல்லவா உதிர்கிறது! கூப்பிடுங்கள், அமுக்குங்கள், பெட்டியைத் திறங்கள்! தச்சரால் முடியும், தையல்காரரால் முடியும், என்னாலேயே முடிந்தது! பன்னிரண்டு பொம்மைகள் உங்களுக்காக...

இருங்கள்.

மணி எங்கே?

மூன்று நிமிடம் ஆகிவிட்டதே. அத்தான்? தலை பின்னால் சாய்ந்திருக்கிறதே. வாய் திறந்திருக்கிறதே. அத்தான்! தம்பி, ஓடி வா! அக்கா! செயலாளர் ஐயா, பெட்டி! ஆ, அவர் ஏற்கெனவே கொண்டு வந்துவிட்டார்! அம்மா, நீங்கள் போன் போடுகிறீர்களா, நல்லது! ஐயா, எல்லோரும் மேடைக்கு ஏறாதீர்கள், பலகை தாங்காது! தோளைத் தட்டு தம்பி, நன்றாகத் தட்டு, நான் எண்ணுகிறேன், ஒன்று...

கண்ணைத் திறந்துவிட்டார்!

என்ன சொல்கிறார்? மைக்கை அவரிடம் கொடுங்கள். "ஏன்டா எல்லாரும் என் மேல ஏறுறீங்க? அவன் பேசுறான், தூங்கிட்டேன்டா!"

தூங்கியிருக்கிறார். அன்பர்களே, வெறும் தூக்கம்! கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தம்பி என்ன சொல்கிறார்? பதினான்கு வினாடி! பதினான்கு வினாடியில் பெட்டி வந்தது, போன் போயிற்று, இத்தனை கைகள் அவர் நெஞ்சருகே நின்றன. சென்ற ஆண்டு நான் மட்டும் ஒன்றரை நிமிடம் பேசித் தொலைத்தேன். இன்று ஒருவரும் கைதட்டவில்லை, ஒருவரும் ரிப்பனைத் தேடவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக என் பேச்சில் தூங்கும் ஒரு மனிதருக்கு முதன்முறையாக நன்றி சொல்கிறேன். அத்தான், இனி மணி வேண்டாம், நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள். இந்த ஊர் விழித்திருக்கிறது.

பேச இன்னும் எட்டுப் பக்கம் வைத்திருக்கிறேன். மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். மேடை ஏறியவர்கள் அப்படியே அந்தப் பக்கம் இறங்கி, ஆளுக்கொரு பொம்மை முன் மண்டியிடுங்கள். பல்லிருக்கும் அக்காவுக்கும், பெட்டியோடு ஓடிய செயலாளருக்கும், குறட்டை விடும் தலைவருக்கும், ஓடி வந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி கூறி வணங்குகிறேன். தம்பி, இன்று நானே சொல்கிறேன், மைக்கை அணைத்துவிட்டு நீயும் வா. நான் எண்ணுகிறேன்.

வணக்கம். ஒன்று!